முப்பது வயது, செமினரி ஹாஸ்டல், என்னைத் தவிர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப்

பொருநைக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஆனால் பத்து நாளாகத் தொண்டையில் மீன்முள் மாட்டியது மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர்களிடம் கேட்டால் ஊருக்கே போய்விடும், அதனால் இங்கே கேட்கிறேன்.

பெங்களூரில் ஒரு இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் பட்டம்) மூன்றாம் வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பி.காம். முடித்துவிட்டு ஐந்து வருஷம் இதே பெங்களூரில் ஒரு பி.பி.ஓ.வில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன், அப்புறம்தான் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகள்) எழுதிக் கொடுத்து, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, எங்கள் சேகரத்தை, அதாவது பங்கைப் பார்க்கிற குருவின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் தாண்டி இங்கே சேர்ந்தேன். அடுத்த மாதம் 14ஆம் தேதி முப்பது முடிகிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்றுதான். அவர்களுக்கு நான் அண்ணா. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர் மட்டும் தம்பி என்பார், அதற்காகவே அவர் வரிசையில் போய் நிற்பேன்.

முன்கூட்டியே ஒரு வேண்டுகோள். இயேசுவும் முப்பது வயதில்தான் ஊழியத்தைத் தொடங்கினார் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். லூக்கா 3:23 எனக்கும் தெரியும். யோசேப்பு பார்வோன் முன்னால் நின்றது முப்பதில், தாவீது ராஜாவானது முப்பதில், ஆலயப் பணிக்காரர்களான லேவியரை வேலைக்கு எண்ணியது முப்பதிலிருந்து ஐம்பது வரை, இதையெல்லாம் அம்மாவே வாரத்துக்கு ஒன்றாக அனுப்பி முடித்துவிட்டார். தாவீதுக்குக் கையில் ராஜ்யம் இருந்தது. எனக்கு கிரேக்கத்தில் அரியர் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நாங்கள் நாலு பேர் ஒன்றாக நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி வந்து, லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி ரூமில் மூன்று வருஷம் ஒன்றாகக் கிடந்தவர்கள். ஒரே குக்கர், ஒரே இஸ்திரிப் பெட்டி, மாசக்கடைசியில் ஒரே ஏ.டி.எம். கார்டு. இப்போது ஒருவன் ஒயிட்ஃபீல்டில், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இன்னொருவன் எலக்ட்ரானிக் சிட்டியில். மூன்றாமவனை நாங்கள் தடியன் என்போம், மாரத்தஹள்ளியில் இருக்கிறான். நான் செமினரியில் சேர்ந்த புதிதில் மாதம் ஒருதடவையாவது பார்த்துக்கொள்வோம். போகப் போக ஒரு மாற்றம். நான் படியேறும் சத்தம் கேட்டால் டிவி சேனல் மாறும். பாட்டிலைத் தூக்கி வாஷிங் மெஷினுக்குள் வைத்துவிட்டு ஒருத்தன் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு நிற்பான், நான் கிளம்பும் வரை நகரமாட்டான். கெட்ட வார்த்தை வாயில் வந்தால் பாதியிலேயே முழுங்கிவிட்டு "ஸாரி ஐயா" என்பான். எனக்கு இன்னும் டீக்கன் பட்டம்கூட ஆகவில்லை, பி.டி. முடித்துத் திருமண்டலம் எங்கே போடுகிறதோ அங்கே இருந்து, அப்புறம்தான் டீக்கன், அப்புறம்தான் குரு. இவர்கள் இப்போதே ஐயர் (சபைப் போதகர்) ஆக்கிவிட்டார்கள்.

பத்து நாளைக்கு முன்னால் தடியனோடு சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒயிட்ஃபீல்டுக்காரனின் குழந்தை போட்டோவைக் காட்டுகிறேன் என்று போனைத் திருப்பினான். வாட்ஸ்அப் பட்டியலில் மேலிருந்து இரண்டாவது குரூப், அதே எங்கள் பழைய ரூம் போட்டோ, பேர் "ஐயா இல்லாத ரூம்". 46 மெசேஜ் படிக்காமல் இருக்கிறது. எங்கள் நாலு பேர் குரூப்போ ஏழெட்டு நாளாகத் தூங்குகிறது, அதில் கடைசி மெசேஜ் நான் போட்ட ஞாயிறு வாழ்த்து. அவன் போனை மடக்கிவிட்டான். நானும் பார்க்காத மாதிரி டீயை ஊதிக்கொண்டு நின்றேன்.

இப்போது நாலு பேருக்கும் இந்த வருஷம் முப்பது என்று சிக்மகளூருக்கு இரண்டு நாள் போகலாம் என்கிறார்கள். தலைக்கு 7,500 ரூபாய். எனக்குக் கைச்செலவுக்கு மாதம் வருவது 2,000, அதில் வார ஊழியத்துக்குப் பஸ் காசும் அடக்கம். "நீ காசு தரவேண்டாம், வந்து ஜெபம் பண்ணி டிரிப்பைத் தொடங்கி வை, போதும்" என்கிறார்கள். கடைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவது போல இருக்கிறது.

குரூப்பைப் பார்த்தேன் என்று சொல்வதா? டிரிப்புக்குப் போவதா வேண்டாமா? இல்லை, முப்பது வயதில் நட்பு என்றாலே இப்படித்தானா, நான்தான் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறேனா?

*

கிருபை_போதும்:

தம்பி, மனம் சோர வேண்டாம். ஆண்டவரும் முப்பதாவது வயதில்தான் ஊழியத்தை ஆரம்பித்தார்.

*

பொருநைக்கரையான்:

நன்றி அண்ணே. 😑

*

டிராஃபிக்ல_இருக்கேன்:

சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற நேரத்தில் டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் உங்கள் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். அதாவது இப்படி ஒரு குரூப்புக்கு நான்தான் அட்மின். எங்கள் நண்பன் ஒருத்தன் இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் பாஸ்டராக இருக்கிறான், அவன் படிக்கும்போது ஆரம்பித்தது.

ஏன் ஆரம்பித்தோம் என்று உண்மையைச் சொல்கிறேன். சரக்கு, மீம்ஸ் எல்லாம் சாக்குதான். அவன் எங்களை ஒரு வார்த்தை கண்டித்ததே கிடையாது. ஆனால் எதைப் போட்டாலும் அவனிடமிருந்து இரண்டே பதில்தான் வரும், ஒன்று கும்பிடுகிற கை, இல்லை ஒரு வசனம். எனக்கும் என் மனைவிக்கும் பெரிய சண்டை, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், ராத்திரி பதினொன்றரைக்குப் புலம்பி நீளமாக எழுதினேன். மற்ற இரண்டு பேரும் உடனே கூப்பிட்டு என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்கள், தப்பு உன் மேல்தான் என்று. இவன் மறுநாள் காலையில் "ஜெபிக்கிறேன்" என்று போட்டான். ஜெபித்திருப்பான், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவன் இருக்கிற இடத்தில் எனக்கு எழுத வரவில்லை. சர்ச் போர்டு முன்னால் நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

எப்போது சரியானது தெரியுமா? இரண்டு வருஷம் கழித்து ஒரு மாசக்கடைசியில் போன் பண்ணி "டேய், ஒரு 3,000 அனுப்பு, பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், சம்பளம் இன்னும் வரலை"ன்னு கேட்டான். சுத்தி வளைக்கவில்லை, கர்த்தர் ஏவினார் என்றெல்லாம் சொல்லவில்லை. நான் அனுப்பிவிட்டு, பீஸ்கூட கட்ட முடியாத நீயெல்லாம் ஒரு பாஸ்டரா என்று திட்டினேன். சிரித்தான். அன்றைக்கு ராத்திரியே அவனை அந்த குரூப்பில் சேர்த்துவிட்டேன். பாதி மெசேஜுக்கு அவன் பதிலே போடுவதில்லை, அது அவன் இஷ்டம்.

அதனால் அந்த 7,500 விஷயத்தில் "காசு இல்லடா, அடுத்த வருஷம் தரேன்" என்று கடனாகக் கேட்டுப் பாருங்கள். ஓசியில் ஜெபம் பண்ணப் போகாதீர்கள். சிக்னல் விழுந்துவிட்டது.

*

இலந்தைப்பழம்:

நானும் பி.டி. தான், வேறு கல்லூரி, இதே ஊர். எனக்கு இருபத்தொன்பதரை. பெண். இதைப் படித்தபோது பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பாவம் எதற்கென்றால், அந்த 46 மெசேஜ். எண்ணை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கு.

எரிச்சல் எதற்கென்றால், உங்களையாவது ஒளித்து வைத்துப் பேசுகிறார்கள். என் காலேஜ் தோழிகள் குரூப்பில் என்னை யாரும் நீக்கவில்லை, ஆனால் அங்கே பேச்சு முழுக்க டே-கேர், டயாபர், மாமியார். நடுவில் நான் "இன்றைக்கு எபிரெய வினைச்சொல் பரீட்சை" என்று போட்டால் இரண்டு பேர் ஹார்ட் போடுவார்கள், அதோடு சரி. கல்யாணப் பேச்சு எடுத்தால் வருகிற வீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "பொண்ணு ஆயர் ஆனா மாப்பிள்ளை குருமனையிலயா (சபை ஆயருக்குத் தருகிற வீடு) இருக்கணும்?" 2013இல் புஷ்பா லலிதா அம்மா நந்தியாலில் சி.எஸ்.ஐ.யின் (தென்னிந்தியத் திருச்சபை) முதல் பெண் பேராயர் ஆகிவிட்டார்கள், இங்கே தரகர் இன்னும் பயோடேட்டாவில் "டீச்சர்" என்று போட்டுக்கொள்ளட்டுமா என்கிறார். உங்களுக்கு முப்பது வந்தால் கேக். எனக்கு முப்பது வந்தால் சித்தி, பெரியம்மா எல்லோரும் சேர்ந்து உபவாச ஜெபம்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். இத்தனை நீளம் எழுதியதில் ஹாஸ்டலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்? வகுப்பில் எல்லோரும் சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு நீங்கள் அண்ணா. அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஒரே கூரைக்கடியில், ஒரே சாம்பாரை, ஒரே கிரேக்கத்தை அனுபவிக்கிறவர்களில் ஒருத்தன்கூட நண்பன் என்கிற கணக்கில் வரவில்லையா? ஒயிட்ஃபீல்டுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போகிறவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இங்கே கிடைத்த தோழிக்கு வயது இருபத்துநாலு, ஒடிசாக்காரி, அவள் இல்லையென்றால் முதல் வருஷமே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

*

பிரதர்31:

நான் கத்தோலிக்கம், பிரதர். எனக்கு முப்பத்தொன்று. எங்கள் பக்கம் முப்பது என்பது ஒரு வயதே இல்லை. சட்டப்படி குருப்பட்டத்துக்குக் குறைந்தது இருபத்தைந்து ஆகியிருக்க வேண்டும், மெய்யியலும் இறையியலும் சேர்த்து ஆறு வருஷத்துக்குக் குறையக்கூடாது, நடுவில் களப்பணி, துறவற சபையென்றால் நவதுறவகம் என்கிற ஆரம்பப் பயிற்சி வேறு. பத்தாவது முடித்துச் சிறு குருமடத்துக்குப் போன எனக்கே இன்னும் திருத்தொண்டர் (டீக்கன்) பட்டம் ஆகவில்லை. அதனால் வயசைப் பற்றி நான் அழமாட்டேன்.

நண்பர்களைப் பற்றி ஒன்று சொல்லலாம். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் போனவர்களைப் பற்றிப் பேசமாட்டோம். காலையில் ஒரு கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருக்கும், அவ்வளவுதான், சாப்பாட்டு மேசையில் அடுத்தவன் நகர்ந்து உட்கார்ந்துகொள்வான். ஆனால் இன்றைக்கு எனக்கு உண்மையான நண்பர்கள் யாரென்றால், அப்படிப் போனவர்கள்தான். ஒருத்தன் கோரமங்களாவில் கார் இன்சூரன்ஸ் விற்கிறான், ஒருத்தன் ஓசூரில் பள்ளிக்கூட ஆசிரியர். சிவாஜிநகர் பசிலிக்காவில் ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. அந்த நாட்களில் ஏதாவது ஒருநாள் சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கூட்டத்தில் போய் நசுங்கிவிட்டு, வெளியே தள்ளுவண்டியில் ஏதாவது வாங்கித் தின்போம். அவர்கள் என்னைச் "சாமி" என்று கூப்பிடுவது கிண்டலுக்குத்தான், குருமடத்துக்குள் நான் எப்படிக் குறட்டை விடுவேன் என்று தெரிந்தவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் எனக்கு வலிப்பதில்லை. உங்களுக்கு வலிக்கிறது என்றால், அவர்கள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறார்கள் என்று அர்த்தம். அதைத்தான் நீங்கள் பேச வேண்டும், குரூப்பைப் பற்றி அல்ல.

சிக்மகளூர் போனால் காபித்தூள் வாங்கி வாருங்கள்.

*

பழைய_ஐயர்:

தம்பிக்கு வாழ்த்துகள். நான் ஓய்வுபெற்ற ஆயர். எண்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் படித்தவன். பென்சன் டவுனிலிருந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை மரநிழலிலேயே நடக்கலாம், அப்படி ஒரு ஊர் அப்போது. ஃபேன் இல்லாத அறை, மே மாதத்திலும் போர்வை. சரி, அந்தப் புராணம் வேண்டாம்.

தம்பி முப்பது வயதுக்காரர்கள் பட்டியலில் ஒருவரை விட்டுவிட்டார். எசேக்கியேல். புத்தகத்தின் முதல் வசனமே முப்பதாம் வருஷம் என்றுதான் தொடங்கும். அது அவருடைய வயதுதான் என்று பல உரையாளர்கள் கொள்கிறார்கள். அவர் ஆசாரியர் வீட்டுப் பிள்ளை, முப்பதில் எருசலேம் ஆலயத்தில் பணிக்கு நிற்க வேண்டியவர். அந்த முப்பது வந்தபோது அவர் எங்கே இருந்தார்? பாபிலோனில், கேபார் வாய்க்கால் கரையில், சிறைப்பட்டவர்கள் நடுவில். ஆலயம் எருசலேமில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, இவரால் போகமுடியாது. எனக்கு முப்பது ஆனபோது தாவீதைவிட இவர்தான் துணையாக இருந்தார், அதனால் சொன்னேன். பிரசங்கம் முடிந்தது.

இனி நடைமுறை. சேகரத்துக்குப் போனபின் உங்களுக்கு அங்கே நண்பர்கள் கிடைக்கமாட்டார்கள். நல்லவர்கள் கிடைப்பார்கள், அரிசி, தேங்காய், முருங்கைக்காய் எல்லாம் கொண்டுவந்து தருவார்கள், உயிரைக் கொடுப்பார்கள். ஆனால் நீங்கள் ஒரு வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டால் மூன்றாவது வீட்டில் கணக்கு எடுப்பார்கள். சேகரக் கமிட்டித் தேர்தல் வந்தால் யாரோடு டீ குடித்தீர்கள் என்பதுகூட ஒரு கட்சி. நாலைந்து வருஷத்தில் மாற்றல் வரும், பெட்டியைத் தூக்க வேண்டும். இதை எந்தப் பாடத்திலும் சொல்லித்தரமாட்டார்கள்.

என் நண்பன் ஒருவன் எச்.எம்.டி. தொழிற்சாலையில் வேலை பார்த்தான், அல்சூர்க்காரன், இந்து, முருக பக்தன். வருஷத்துக்கு ஒருமுறை நான் எந்தச் சேகரத்தில் இருந்தாலும் தேடிக்கொண்டு வந்துவிடுவான். ஒருதடவை குருமனைத் திண்ணையில் கமிட்டி செயலாளர், பொருளாளர் எல்லோரும் உட்கார்ந்து அறுப்பின் பண்டிகைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது, இறங்கும்போதே "டேய் மொட்டை, இன்னும் சாகலையா நீ" என்றான். செயலாளர் முகம் செத்துப்போயிற்று. என் மனைவிக்கு ஒரு வாரம் ஆத்திரம். எனக்கோ, அம்மா இறந்தபிறகு என்னை டேய் போட்டுக் கூப்பிட்ட ஒரே குரல் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனும் போய்விட்டான்.

உங்களுக்கு அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். நீங்களே போய்ப் பேசுங்கள், அவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

*

பொருநைக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. எசேக்கியேல் எனக்குத் தோன்றவே இல்லை ஐயா, வகுப்பில் நடத்தினார்கள், நான் தூங்கியிருப்பேன்.

இலந்தைப்பழம் அக்கா (என்னைவிட அரை வயது இளையவர், ஆனால் இந்த அடிக்கு அக்கா என்றுதான் சொல்ல வேண்டும்), நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். என் ரூம்மேட் மிசோரம் பையன், இருபத்திரண்டு வயது. அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மிசோ தெரியாது, இரண்டு பேருக்கும் இந்தி அரைகுறை. ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு அவன்தான் முடிவெட்டுவான், சலூனுக்குக் கொடுக்கிற 150 ரூபாய் மிச்சம். சனிக்கிழமை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, என் கழுத்தில் பழைய வேட்டியைச் சுற்றிவிட்டு வெட்டிக்கொண்டிருந்தவன், திடீரென்று கத்தரியை நிறுத்தி, காதுக்குப் பின்னால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "அண்ணா. மூணு." அந்த இரண்டு தமிழ் வார்த்தையும் நான் சொல்லிக்கொடுத்ததுதான், முதல் வருஷம். நரைமுடி மூன்றையும் வெட்டி என் உள்ளங்கையில் வைத்தான். மூன்று வருஷமாக இவன் எனக்கு முடி வெட்டுகிறான், இவன் பிறந்தநாள் எப்போது என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். போன மாதமே முடிந்துவிட்டதாம்.

டிராஃபிக் அண்ணே, நீங்கள் எழுதியதில்தான் எனக்குச் சரியாக அடிபட்டது. சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் தடியனுக்கு வேலை போயிற்று. காலையில் வழக்கம்போல ஆபீஸ் போனவனைப் பதினோரு மணிக்கு மீட்டிங் என்று கூப்பிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். குரூப்பில் போட்டிருந்தான். எனக்கு மறுநாள் கிரேக்கப் பரீட்சை. லூஓ, லூஎய்ஸ், லூஎய் என்று வினைச்சொல்லை உருப்போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு வசனத்தையும் கும்பிடுகிற கையையும் தட்டிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் கூப்பிட்டேன். அந்தப் பரீட்சையும் பாஸாகவில்லை, அது வேறு கதை.

நேற்று தடியனைக் கூப்பிட்டு, குரூப்பைப் பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. அப்புறம் "எப்ப ஆரம்பிச்சோம்னு பாத்தியா?" என்றான். பார்க்கவில்லை என்றேன். "எனக்கு வேலை போன அன்னைக்கு ராத்திரி" என்றான். அன்றைக்கு மற்ற இரண்டு பேரும் மாரத்தஹள்ளிக்கு வந்து விடியும்வரை இவனோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். "நீ வசனம் போட்டியா, அதுக்கு மேல அந்த குரூப்ல பேச எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுடா, அதான் தனியா ஒண்ணு வச்சோம், அப்புறம் அதுவே பழகிடுச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். ஜெபம் எதுவும் பண்ணவில்லை. அவன் "சரி விடு" என்றான், அந்த "சரி விடு" முழுசாக இல்லை என்று எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கும். அந்த குரூப்பில் என்னைச் சேர்க்க வேண்டாம், பேரை மட்டும் மாற்று என்றேன். சாயங்காலம் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "ஐயா இல்லாத ரூம்" இப்போது "கிரேக்கத்தில் ஃபெயில்" என்று ஆகியிருக்கிறது.

சிக்மகளூருக்குப் போகவில்லை. காசு ஒரு பக்கம், அந்த ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறேன், கோலியாத்தாக நடிக்கிற பையனுக்கு இன்னும் வசனம் வரவில்லை. ஆனால் 14ஆம் தேதி சாயங்காலம் மூன்று பேரும் ஃபிரேசர் டவுனுக்கு வருகிறார்கள், மசூதி ரோட்டில் சாப்பாடு. என் பங்குக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மிசோரம்காரனையும் கூட்டிப் போகிறேன். ஒன்பதரைக்கு ஹாஸ்டல் கேட் பூட்டிவிடுவார்கள் என்றேன், "முப்பது வயசுல கேட்டா" என்று பத்து நிமிஷம் சிரித்தார்கள்.

*

டிராஃபிக்ல_இருக்கேன்:

"கிரேக்கத்தில் ஃபெயில்" 😂😂 தடியனுக்கு என் சார்பில் ஒரு டீ சொல்லுங்கள்.

*

இலந்தைப்பழம்:

அக்கா என்றதை மன்னிக்கிறேன். ரூம்மேட் பிறந்தநாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள், அடுத்த வருஷமும் மறப்பீர்கள்.

*

பொருநைக்கரையான்:

குறித்துவிட்டேன். இன்னொரு உதவி, எபிரெய வினைச்சொல் அட்டவணைக்கு யாரிடமாவது தமிழில் எழுதிய நோட்ஸ் இருக்கிறதா? கிரேக்கத்தில் முதல் வினைச்சொல் "அவிழ்க்கிறேன்", எபிரெயத்தில் அட்டவணைக்கு வைத்திருக்கிற வினைச்சொல் "கொன்றான்", அதைத் தமிழில் எழுதினால் "காதல்" என்று வருகிறது. நோட்டில் பக்கம் பக்கமாகக் காதல் காதல் என்று எழுதி வைத்திருக்கிறேன், போன வாரம் அம்மா ஊரிலிருந்து வந்தபோது அதைப் பார்த்துவிட்டு யார் பொண்ணு என்று கேட்கிறார்.

*

இலந்தைப்பழம்:

என்னிடம் இருக்கிறது, கையெழுத்து மோசமாக இருக்கும். போட்டோ எடுத்து ராத்திரி அனுப்புகிறேன். அம்மாவிடம் காட்ட வேண்டாம்.